வாசனையில்லாத வித்து

ஒரு காட்டில், மருத மரத்தடியில், பெரிய கறையான் புற்று ஒன்று இருந்தது. அதற்குள்ளே கறையான்கள் காளான் தோட்டம் போட்டிருந்தன. குட்டிக் கறையான்களுக்கு அந்தக் காளான்தான் சோறு. தோட்டம் கெட்டால் குட்டிகள் பட்டினிதான்.

அதைக் கெடுக்கவே வெளியே ஒரு கரும்பூசணம் காத்திருந்தது, குழந்தைகளே. அதன் வித்து தூசியைவிடச் சிறியது. ஒன்றே ஒன்று உள்ளே வந்தாலும் தோட்டம் கறுத்துவிடும். அதனால் வெளியே போய்வருபவர்களை வாசலில் நிறுத்தி, உடம்பெல்லாம் நக்கித் துடைத்த பிறகே உள்ளே விடுவார்கள். அந்த வேலைக்குத் தலைவி வெள்ளைச்சி. எதையும் லேசில் நம்பமாட்டாள்.

வாசல் காவலர்களின் தலைவன் பெயர் கத்திவாயன். பெருமைக்காரன். ஒருநாள் ஒரு வித்தைத் தன் மீசையால் மோந்தே பிடித்துவிட்டான். புளித்த கஞ்சி வாசனை. அவ்வளவுதான், ஐயாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"இனி யாரும் யாரையும் துடைக்க வேண்டாம். வீண் நேரம். என் மீசை ஒன்று போதும்," என்றான்.

"வாசனை மாறி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள் வெள்ளைச்சி.

"பூசணம் எங்கே மாறப்போகிறது? நீ போய் வேலையைப் பார்."

வெளியே வித்துகள் தாயிடம் முறையிட்டன. "அம்மா, போன அக்காக்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள்."

தாய்ப் பூசணம் சிரித்தது. "அவனுக்குத் தெரிந்தது என் வாசனை ஒன்றுதான். நீங்கள் எல்லாரும் என்னை உரித்து வைத்த மாதிரியா பிறந்திருக்கிறீர்கள்? ஒருத்திக்குப் புளிப்பு தூக்கல், ஒருத்திக்குக் குறைச்சல். கடைக்குட்டிக்கு வாசனையே கிடையாது. நீ போ கண்ணே."

கடைக்குட்டி ஒரு கறையானின் முதுகில் ஏறி வாசலுக்கு வந்தது. கத்திவாயன் மீசையால் தடவி, "சுத்தம், உள்ளே போ," என்றான். தடவும்போதே வித்து மீசையில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் அவன் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போனான். மீசையும் கூடவே போயிற்று.

சில நாளில் தோட்டத்தின் ஒரு பக்கம் கறுத்தது. குட்டிகள் பசியில் சுருண்டு கிடந்தன. கத்திவாயன் ஓடிவந்தான்.

"என் கண்ணில் மண்ணைத் தூவியவன் யார்? எல்லாரையும் துடைத்துப் பார்," என்று கத்தினான்.

"சரி தலைவரே, உங்களிடமிருந்தே தொடங்குகிறேன்," என்றாள் வெள்ளைச்சி.

மீசை நுனியைத் துடைத்தாள். பூசணம் கரிப்பொடி போலக் கறுப்பாக உதிர்ந்தது. கத்திவாயன் வெட்கத்தில் கூனிப்போனான்.

கறையான்கள் கறுத்த பகுதியை வெட்டி மண்ணுக்குள் புதைத்தன. பாதித் தோட்டம் பிழைத்தது. குட்டிகளுக்கு அரை வயிற்றுக்காவது சோறு கிடைத்தது.

"வாசனையில்லாத வித்தையும் இனி அடையாளம் வைத்துக்கொள்கிறேன்," என்றான் கத்திவாயன்.

"வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறக்கும் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருக்கப்போவதில்லை," என்றாள் வெள்ளைச்சி.

கத்திவாயன் அன்றே துடைப்பவர்களை வாசலுக்குத் திரும்ப அழைத்தான்.

நீதி: பகைவனின் ஒரு முகத்தைத் தெரிந்துகொண்டதற்காகக் காவலைக் கைவிடாதே, அவனுக்கு இன்னும் பல முகங்கள் உண்டு.