சத்தம் போடாத சார்ஜர்

ஒரு ஊர்ல ஒரு வெள்ளைக் காரு இருந்துச்சு. கண்ண மூடிக்கிட்டே கேளு பாப்பா. அப்பா சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டினா போதும்.

"ம்."

அந்தக் காரு தமயந்தின்னு ஒரு அம்மாவோடது. அவங்க வீட்டுக்காரர்தான் ஓட்டிக்கிட்டு இருந்தார். அப்புறம் அவர் இறந்துட்டார். அப்புறம் அந்தம்மா தானே கத்துக்கிட்டு லைசென்சும் வாங்கிட்டாங்க, ஆனா ரோட்டுக்கு எடுக்க பயம். அதனால வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா வண்டியக் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டி, சாவியத் திருகுவாங்க. விர்ர்ரூம்! ரெண்டு நிமிஷம் உறும விட்டுட்டு ஆஃப் பண்ணிடுவாங்க. வண்டிய சும்மா போட்டு வைக்கலையேன்னு அவங்களுக்கு ஒரு திருப்தி. ஆனா ஸ்டார்ட் ஆகுறதுக்கு பேட்டரி குடுத்த கரண்ட்டு ரெண்டு நிமிஷத்துல திரும்பி வருமா? வராது. வாராவாரம் பூஜை நடந்துச்சு, வாராவாரம் பேட்டரி இளைச்சுக்கிட்டே வந்துச்சு. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, டக் டக் டக். அவ்வளவுதான்.

"ம்."

அப்போ அவங்க கொழுந்தன் வந்தான். கொழுந்தன்னா வீட்டுக்காரரோட தம்பி. "அண்ணி, நிக்கிற வண்டி உங்களுக்கு எதுக்கு? நான் எடுத்துக்கிறேன். எங்க போகணும்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க, கூட்டிட்டுப் போறேன்"னான். கெட்டவன் இல்ல. கார் மேல கொஞ்சம் கண்ணு, வேற ஒண்ணுமில்ல. அந்தம்மாவுக்கு ரோஷம் வந்துடுச்சு. ஒரு மாத்திரை வாங்கப் போகணும்னாலும் இவனுக்காகக் காத்துக் கெடக்கணுமா? "அடுத்த ஞாயித்துக்கிழமை வா. வண்டி கிளம்பலைன்னா நீயே எடுத்துட்டுப் போ"ன்னு சொல்லிட்டாங்க.

அப்புறம் லாரி ஷெட்டுல இருந்து ஒரு சார்ஜர் இரவல் வாங்கினாங்க. இரும்புப் பொட்டி, தூக்க ரெண்டு ஆள் வேணும். மாட்டின உடனே கொர்ர்ர்ருன்னு வீடே அதிருது. அந்தம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். அரை மணி நேரம்தான் ஆச்சு, பேட்டரி களபுள களபுளன்னு கொதிக்குது, அழுகின முட்டை நாத்தம் வேற. ஓடிப்போய் சுவிட்ச ஆஃப் பண்ணினாங்க. லாரிக்குப் போடுறது காருக்குத் தாங்குமா? நல்ல வேளை, பேட்டரி தப்பிச்சுது.

"முட்டை நாத்தமா?"

ஆமா. மூக்கப் பிடிச்சுக்கோ. அப்புறம் போன்லயே பாத்து வேற சார்ஜர் ஒண்ணு வரவழைச்சாங்க. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். ஙொய்ங்... ஙொய்ங்னு கொசு மாதிரி முனகிக்கிட்டு மூணு நாள் ராப்பகலா ஓடுச்சு. சாவியத் திருகினா, டக். அது பைக்குக்குப் போடுறதாம். அதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துடுச்சு. அந்த வாரம் சூடம் காட்டல.

"ம்."

அப்போ பேட்டரி கடை மெஹருன்னிசாகிட்ட போனாங்க. அந்தக்கா கேட்டாங்க, "பேட்டரி எத்தனை வோல்ட்டு?"

"பன்னெண்டு."

"எவ்வளவு கரண்ட்டு பிடிக்கும்னு மேல ஏ.எச்.னு ஒரு நம்பர் போட்டிருக்குமே?"

"முப்பத்தஞ்சு."

"மாட்டிட்டுப் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பீங்களா?"

"எனக்கு வேற வேலையில்லையா?"

"அப்போ இத எடுத்துக்குங்க. நாலு ஆம்ப், உங்க பேட்டரிக்கு அளவா ஏத்தும். நெறஞ்சதும் தானா நிறுத்திக்கும்."

சனிக்கிழமை காலையில மாட்டினாங்க. அவசரத்துல செவப்பு கிளிப்ப மைனஸ்ல போட்டுட்டாங்க. டப்புன்னு வெடிக்கல, பொகையல. செவப்பா ஒரு லைட்டு மட்டும் எரிஞ்சுது. மாத்திப் போட்டதும் மஞ்ச லைட்டு. ஆனா சத்தமே இல்ல. காத வச்சுக் கேட்டாங்க, ஒண்ணுமில்ல. இதுவும் போச்சுன்னு மெஹருன்னிசாவுக்குப் போன் போட்டாங்க.

"சத்தமே வரலையே?"

"அது அப்படித்தான்கா. தொடாம விடுங்க."

தொடாம விடுறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அன்னிக்குப் பூரா சோறு எறங்கல அவங்களுக்கு. சாயங்காலம் பாத்தா, பச்ச லைட்டு.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் கொழுந்தன் வந்துட்டான். தோள்ல பச்சக் கலர் நைலான் கயிறு, வண்டியக் கட்டி இழுத்துட்டுப் போக.

"நம்ம ஊஞ்சல் கயிறு மாதிரியா?"

அதே மாதிரி. அந்தம்மா உக்காந்து சாவியத் திருகினாங்க. டக்... விர்ர்ர்ரூம்!

கொழுந்தன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. "சரி அண்ணி, கிளம்பிடுச்சில்ல, ஆஃப் பண்ணுங்க"ன்னான்.

அந்தம்மா ஆஃப் பண்ணல. "ஏறு"ன்னாங்க.

"எங்க?"

"உன் வீட்டுக்கு. இறக்கி விட்டுட்டு வர்றேன்."

அன்னிக்குத்தான் மொத மொதல்ல அவங்க வண்டிய ரோட்டுக்கு எடுத்தாங்க. கொழுந்தன் இடது பக்கம் உக்காந்து, கயித்த மடியில வச்சுக்கிட்டே வீடு வந்து சேந்தான்.

"அப்பா, அது பெரியம்மா காருதான?"

ம்.

"அப்போ அந்தக் கொழுந்தன்?"

கயித்த என்ன பண்றதுன்னு தெரியாம, உனக்கு ஊஞ்சல் கட்டினான். இப்போ உன் பக்கத்துல படுத்து உனக்குக் கதை சொல்லிக்கிட்டு இருக்கான். காரு வீடு போய்ச் சேந்துச்சு, கதையும் ஆஃப் ஆயிடுச்சு. நீ தூங்கு.