மறுகரைக்கு எத்தனை சந்தி?

அந்தக் காட்டில் யாருக்கும் முழு வழியும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. பாதை பிரிகிற ஒவ்வொரு சந்தியிலும் ஒரு காவல்காரர் உட்கார்ந்திருப்பார். பக்கத்துச் சந்திக்காரர், ஆற்றின் மறுகரைக்கு இன்னும் எத்தனை சந்தி என்று கூவுவதைக் கேட்பார். அதோடு ஒன்றைக் கூட்டித் தானும் கூவுவார்.

ஆற்றங்கரைக் கீரி "மறுகரைக்கு ஒண்ணு!" என்று கூவினால், புளியமரத்து உடும்பு "மறுகரைக்கு ரெண்டு!" என்று கூவும். இப்படியே காடு முழுக்கச் செய்தி பரவிவிடும். எது சின்ன எண்ணோ அந்தப் பக்கம் போக வேண்டியதுதான்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. "எந்த வழியாக?" என்று மட்டும் யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கேட்டால், "என் வார்த்தையில நம்பிக்கை இல்லையா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

அந்தக் காட்டில் ஒரு சருகுமான் வாழ்ந்தது. மரத்தில் இடித்துக்கொண்டால் மரத்திடம் மன்னிப்புக் கேட்கிற பிறவி. அதன் குட்டிக்குக் கடுமையான காய்ச்சல். மறுகரைப் புதரில் கண் திறக்காமல் கிடந்தது. நிலவேம்போ இந்தக் கரையில்தான் முளைக்கும். ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்த மருதமரத்தின் மேல் நடந்து, சருகுமான் இந்தக் கரைக்கு வந்திருந்தது.

"வாடுறதுக்குள்ள கொண்டு வந்துடுங்க. காஞ்சு போனா சாறு இறங்காது" என்று குட்டியின் தாய்மான் சொல்லி அனுப்பியிருந்தது.

நிலவேம்பைக் கவ்விக்கொண்டு சருகுமான் ஆற்றங்கரைக்குத் திரும்பியபோது, மருதமரத்தைக் காணோம். மலையில் பெய்த மழை, வெள்ளமாக வந்து அடித்துக்கொண்டு போயிருந்தது.

சருகுமான் நிலவேம்புக் கட்டைக் கீழே வைத்தது. "கீரியண்ணே, மரம் எங்கே?"

"போச்சு தம்பி. என் கண் முன்னாலதான் போச்சு. ஆனா நீ கவலைப்படாதே. இப்பத்தான் உடும்பு கூவினாரு, மறுகரைக்கு ரெண்டாம். அப்போ என் கணக்குக்கு மூணு. நீ உடும்புகிட்ட போ."

சருகுமானுக்குத் தலை சுற்றியது. உடும்பைத் தாண்டித்தானே இங்கே வந்தோம்? ஆனாலும் பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கட்டைக் கவ்விக்கொண்டு புளியமரத்துக்கு ஓடியது.

உடும்பு கண்ணைத் திறந்தது. "மறுகரைக்கா? கீரிகிட்ட போ."

"அவர்தாங்க உங்ககிட்ட அனுப்பினாரு. மரம் ஆத்தோட போயிடுச்சாம்."

"போனா என்ன? இப்பத்தான் மூணுன்னு கூவினாரு. ஆத்தோரத்திலேயே பிறந்து வளர்ந்தவரு, எங்கேயாவது துறை கண்டுபிடிச்சிருப்பாரு. அப்போ எனக்கு நாலு." உடும்பு கழுத்தை நீட்டி, "மறுகரைக்கு நாலு!" என்று கூவியது.

துறை இருந்தால் கீரி ஏன் சொல்லவில்லை? ஒருவேளை நாம்தான் சரியாகக் கேட்கவில்லையோ? சருகுமான் மறுபடியும் ஆற்றங்கரைக்கு ஓடியது.

"துறையா? இங்கே ஏது துறை?" என்றது கீரி. "உடும்பு மரம் ஏறுறவரு. மேலேயிருந்து எதையாவது பாத்திருப்பாரு. நாலுன்னு கூவினாரே, காதுல விழலையா? எனக்கு அஞ்சு. ஓடு, ஓடு."

சருகுமான் ஓடியது. உடும்பு ஆறு என்றது. திரும்பி ஓடியது. கீரி ஏழு என்றது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கட்டின் ஓரத்து இலைகள் சுருண்டுவிட்டன. ஆற்றுக்கு அப்பால் தாய்மான் கனைக்கிற சத்தம் கேட்டது. குட்டியின் சத்தம் கேட்கவே இல்லை.

நடக்க நடக்கத் தூரம் குறைய வேண்டாமா? இது வளர்கிறதே! நமக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று அதற்குப் பயமே வந்துவிட்டது. கண்ணீரைத் துடைக்கக் குனிந்தபோதுதான் பாதையைப் பார்த்தது. ஈரச் சேற்றில் போன குளம்பும் வந்த குளம்பும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து கிடந்தன. எல்லாம் அதனுடைய குளம்புத் தடங்களே.

சருகுமான் புளியமரத்தடியில் போய் நின்றது. கேட்கக் கூடாது என்பது அதற்குத் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டது.

"உடும்பண்ணே, எந்த வழியாங்க?"

உடும்பு சீறியது. "என் வார்த்தையில நம்பிக்கை இல்லையா?"

"இல்லீங்க. என் பிள்ளை சாகக் கிடக்குது. எந்த வழியா?"

"கீரி வழியாத்தான்! வேற எந்த வழியா?"

"கீரியண்ணே!" சருகுமான் ஆற்றுப் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தியது. "உங்களுக்கு எந்த வழியா?"

"உடும்பு வழியாத்தான்!" என்று பதில் வந்தது.

உடும்பின் நாக்கு வெளியே வந்தது வந்தபடியே நின்றுவிட்டது. தான் கொடுத்த எண்ணைத்தான் கீரி ஒன்று கூட்டித் தன்னிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறது. தானும் அதையே செய்திருக்கிறோம். நடுவில் வழி என்று ஒன்று இல்லவே இல்லை.

"வேற யாராவது மறுகரைக்குக் கூவினாங்களா?" என்று சருகுமான் கேட்டது.

"குளத்து ஆமை காலையிலேர்ந்து ஒன்பதுன்னு கூவிக்கிட்டிருக்கு. எங்க எண்ணு சின்னதா இருக்கும்போது ஒன்பதான்னு நான்தான் சிரிச்சேன்." உடும்பின் குரல் இறங்கிப்போயிருந்தது. "அது ஆறு பிறக்கிற மலையைச் சுத்திப் போற வழி. ஆத்தைத் தாண்டவே வேண்டாம்."

சருகுமான் மேற்கொண்டு கேட்க நிற்கவில்லை. குளத்துக்கு ஓடியது. ஆமையிடமும், "எந்த வழியாங்க?" என்றே கேட்டது. ஆமைக்குக் கோபம் வரவில்லை. "அடுத்த சந்தி நீர்நாய் வழியா. அவரு நேத்து நடந்தே அங்கே போய்ட்டு வந்தவரு" என்றது.

பொழுது சாயும் நேரத்தில் சருகுமான் மறுகரைப் புதருக்குள் வந்து விழுந்தது. மேல் இலைகள் எல்லாம் சருகாகிவிட்டன. கட்டின் நடுவில் மட்டும் ஒரு பிடி பச்சை மிச்சம் இருந்தது. தாய்மான் அதை மென்று, குட்டியின் வாயில் சாற்றை இறக்கியது.

அசைவில்லை. சருகுமான் தலையைத் தரையில் வைத்துக்கொண்டது. இன்னும் ஒருமுறை கீரிக்கும் உடும்புக்கும் நடுவில் ஓடியிருந்தால் இந்த ஒரு பிடியும் இருந்திருக்காது.

அப்போது குட்டி முகத்தைச் சுளித்தது. "தூ! கசக்குது" என்றது.

மறுநாள் முதல் காட்டில் கட்டுப்பாடு மாறியது. "எந்த வழியாக?" என்று யாரும் யாரையும் கேட்கலாம். கீரியிடம் கேட்டதை உடும்பு யாரிடம் வேண்டுமானாலும் கூவலாம், கீரியின் பக்கம் திரும்பி மட்டும் கூவக் கூடாது; மற்றக் காவல்காரர்களுக்கும் அப்படித்தான்.

ஒருவர் சொன்னதை அவருக்கே புதுச் செய்தியாகத் திருப்பிச் சொன்னால், இல்லாத வழியும் இருப்பதாகிவிடும். ஆகவே எந்தச் சொல்லையும் நம்பும் முன், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தயங்காதே.