நனையாத பூட்ஸ்

நெடுமலை மடத்தின் குரு உலகம்மைக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் மாசிலாமணி வருவதற்கு முன்னால் வந்து போனவர்கள்.

மடம் என்று பெயர்தான். தகரக் கூரை போட்ட நீளக் கூடம் ஒன்று, பின்னால் சமையலறை, பக்கத்தில் சில அறைகள். சுற்றிலும் தேயிலை. ஆனியில் பிடிக்கும் மழை ஐப்பசி வரை விடாது. நடுவில் ஓய்ந்தாலும் மரங்கள் சொட்டிக்கொண்டிருக்கும். பாதையெல்லாம் சேறு, சேறெல்லாம் அட்டை.

மாசிலாமணி கோயம்புத்தூரில் ஒரு மில்லின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலகம்மையைவிட மூத்தவர். மனைவி இறந்த பிறகு, நான்கு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். போகவில்லை. மடத்தில் ஆளுக்கு ஒரு வேலை உண்டு. காலையில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் வரை இறங்கிப் போய்ப் பால் வாங்கி வருவது மாசிலாமணியின் வேலை. அதை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அவருக்குச் சர்க்கரை உண்டு. இந்த மழையில் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தது, வந்தது ஆறவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். கால் நனையக் கூடாது. புண் இன்னும் கொஞ்சம் பரவினால் விரலை எடுக்க வேண்டி வரும். நனையாமல் இருக்க வழியில்லையென்றால் மலையை விட்டுக் கீழே இறங்கிவிடுவதுதான் நல்லது.

இது எப்படியோ மகன் செழியனுக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன், கால் தேறாமல் இருந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியனுப்பினான். நல்ல மகன்தான். அவன் வீட்டு மாடியில் அப்பாவுக்குத் தனி அறை உண்டு. வேளைக்குச் சாப்பாடு வரும். காலையில் எழுந்தால் மாசிலாமணி செய்தே ஆகவேண்டியது என்று அங்கே ஒன்றும் இருக்காது.

ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினால் தீர்ந்தது என்றார் உலகம்மை. அன்றைக்குத்தான் தொல்லை ஆரம்பித்தது.

மில்லில் ஒரு நூல்கண்டு வாங்குவதானாலும் நாலு கடையில் விலை கேட்டு, ஒப்பிட்டு, அதற்கும் மேல் யாரையாவது விசாரித்துத்தான் மாசிலாமணி கையெழுத்துப் போடுவார். அந்தப் பழக்கம் போகவில்லை. ஜீப் டிரைவரைக் கேட்டார். தோட்டத்துக் காவல்காரரைக் கேட்டார். தேயிலை கிள்ளும் பெண்களை நிறுத்தி வைத்து அவர்கள் காலில் போட்டிருப்பதைக் குனிந்து பார்த்தார். அவர்கள் ஓடிப் போகாதது ஆச்சரியம்.

மடத்தில் மாலை விளக்கேற்றியதும் விருப்பமுள்ளவர்கள் உலகம்மையிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அது அங்கே வழக்கம்.

"அம்மா," என்றார் மாசிலாமணி. "நிலைச்சு நிக்கிறது எதுங்க, அழிஞ்சு போறது எதுங்க?"

கூடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உலகம்மை அவர் காலைப் பார்த்தார்.

"பூட்ஸைப் பத்தித்தானே கேக்கிறீங்க?"

"ஆமாங்கம்மா."

"சரி, கேளுங்க."

"முழுக்க ரப்பர்ல ஒண்ணு இருக்குதுங்க. விலை கம்மி. ஆனா மடிப்புல வெடிச்சுப் போயிருமாமா. இன்னொண்ணு, கீழ ரப்பரு, மேல தோலு. மூக்கு அகலமா இருக்கும். வாத்து பூட்ஸுன்னு சொல்றாங்க. துரைமாருங்க காலத்துல எப்படி இருந்துச்சோ அதே மாதிரிதான் இன்னைக்கும் பண்றாங்களாமா. அடி தேஞ்சா அடியை மட்டும் மாத்திக்கலாமுங்க. ஆயுசுக்கும் வருமாமா."

"அப்ப அதை வாங்குங்க."

"கனம் ஜாஸ்திங்க."

"அப்ப ரப்பரை வாங்குங்க."

"உள்ள வேர்க்குமுங்களே. வேர்த்தாலும் ஈரந்தானுங்க."

"அப்ப தோல் வெச்சதையே வாங்குங்க."

"தோலுக்கு அப்பப்ப மெழுகு பூசணுமுங்க. விட்டா ஊறிப் போயிருமாமா."

உலகம்மை விளக்குத் திரியைத் தூண்டினார். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் மாலை மாசிலாமணி மறுபடி கை கூப்பினார். "அம்மா, பற்று எங்கிருந்து ஆரம்பிக்குதுங்க?"

"கணுக்காலுக்கு மேலயா, கீழயா?" என்றார் உலகம்மை.

யாரோ சிரித்தார்கள். மாசிலாமணி சிரிக்கவில்லை. "கணுக்காலுக்கு மேலதானுங்கம்மா சந்தேகமே," என்றார். "ஓடை ஏறிடுச்சுன்னா தண்ணி தோலும் ரப்பரும் சேர்ற தையல் வரைக்கும் வருமுங்க."

அன்றிரவு சாப்பிடும்போது சமையல் பார்க்கும் கோமு, "இவரு கேக்கிற கேள்விக்கெல்லாம் நீங்க பதில் சொல்லிக்கிட்டே இருந்தா ரெண்டு பேரும் சேந்து ஒரு செருப்புக் கடை வெச்சிரலாம்," என்றாள். உலகம்மை பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். பொழுது விடிந்ததும் மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

"பஜாருக்குப் போங்க. பூட்ஸ் இல்லாம இந்தப் படி ஏறாதீங்க."

மாசிலாமணி போனார். மாலையில் ஒரு பெட்டியோடு வந்தார். தோல் வைத்ததுதான். மடமே கூடி நின்று பார்த்தது. அகல மூக்கும், கெட்டி ரப்பரும், மேலே தேன் நிறத் தோலும், நீளக் கயிறுமாக அது உண்மையிலேயே நல்ல பொருளாக இருந்தது. உலகம்மை நிம்மதியாகப் போய்ப் படுத்தார்.

காலையில் கோமு வந்து எழுப்பினாள். "அம்மா, வந்து பாருங்க."

கூடத்து வாசலில் மாசிலாமணி பால் தூக்கோடு நின்றிருந்தார். காலில் பழைய ரப்பர் செருப்பு. செருப்புக்கு மேல் பாதத்தைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டியிருந்தார். பைக்குள் தண்ணீர் நின்றது.

"பூட்ஸ் எங்க?"

"பெட்டியில இருக்குதுங்க."

"ஏன்?"

"கடைக்கார பாய் ரொம்ப நல்ல மனுசருங்க. பிடிக்கலைன்னா மழை முடியறதுக்குள்ள எப்ப வேணுமானாலும் திருப்பிக் குடுங்க, பணம் தந்துடறேன்னு சொல்லியிருக்காரு. நனையாம, மண்ணு படாம இருக்கணும். அது ஒண்ணுதானுங்க."

உலகம்மை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். "மழைக்குப் போடற பூட்ஸ்தானே அது?"

"ஆமாங்க."

"தண்ணி உள்ள போகுதா, போகலையான்னு எப்படித் தெரியும்?"

"தண்ணியில போட்டாத்தான் தெரியுமுங்க."

"தண்ணியில போட்டா?"

"திருப்பி எடுக்க மாட்டாருங்க." மாசிலாமணி தயங்கினார். "அதுதானுங்கம்மா இதுல சிக்கல்."

உலகம்மை விறுவிறுவென்று உள்ளே போனார். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு மாசிலாமணி தினமும் கூடத்தில் போர்வையை விரித்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு அதன்மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். குதிகால் பிடிக்கிறதா, விரல் இடிக்கிறதா என்று நின்று நின்று யோசித்தார். கழற்றித் துடைத்தார். காகிதம் அடைத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, பையைக் கட்டிக்கொண்டு, மழையில் பாலுக்குப் போனார். தியானத்துக்கு உட்கார்ந்தவர்கள் காதில் ரப்பர் கீச்சிடும் சத்தம்தான் விழுந்தது.

"பாலை நான் வாங்கிக்கிறேன், நீங்க உக்காருங்க," என்று கோமு சொல்லிப் பார்த்தாள். மாசிலாமணி தூக்கைக் கொடுக்கவில்லை. யாரோ வீட்டைப் பிடுங்க வந்தது போல அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பாலைச் சமையலறையில் வைத்துவிட்டு அவர் திரும்பியபோது தரையில் சிவப்பாகத் தடம் விழுந்தது. கோமு கத்திவிட்டாள். அட்டை கடித்து, குடித்துக் கொழுத்து, பைக்குள்ளேயே உருண்டு கிடந்தது. மாசிலாமணிக்குத் தெரியவே இல்லை. அந்தப் பாதத்தில் அவருக்கு உணர்ச்சி குறைந்து வெகுநாள் ஆகியிருந்தது.

உலகம்மை வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். காலைக் கழுவி, மருந்து வைத்து, புதுத் துணி சுற்றிக் கட்டினார். புண் விரலின் அடி வரை போயிருந்தது.

"அம்மா," என்றார் மாசிலாமணி. "ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"அதை வெச்சுக்கலாமுங்களா, வேண்டாமுங்களா?"

உலகம்மை எழுந்தார். மாசிலாமணியின் அறைக்குப் போனார். பெட்டியைத் திறந்து, அடைத்திருந்த காகிதத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பூட்ஸை எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து நேராக மழையில் இறங்கினார். முற்றத்தின் நடுவில் செம்மண் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார்.

மாசிலாமணி ஓடினார். அந்த வயதில் அந்தக் காலோடு அவ்வளவு வேகமாக அவர் ஓடுவார் என்று யாரும் நினைக்கவில்லை. வாசலில் சாத்தியிருந்த குடையைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றில் இறங்கி, பூட்ஸை இரண்டு கையாலும் தூக்கினார்.

"கீழ வைங்க," என்றார் உலகம்மை.

"அம்மா..."

"வைங்க."

மாசிலாமணி வைத்தார். குருவின் வார்த்தையை மீற முடியவில்லை. விட்டுவிட்டு வரவும் முடியவில்லை. குடையை விரித்தபடி அங்கேயே நின்றார்.

"நனைஞ்சிருமுங்கம்மா."

"நனையட்டும்."

"பாய் திருப்பி எடுக்க மாட்டாருங்க."

"எடுக்க வேண்டாம்."

"வீணாப் போயிருமுங்களே."

"யாருக்கு வீணாப் போகுது? காலைப் பாத்தீங்களா? விரல் கறுத்துக்கிட்டு வருது. நல்ல பூட்ஸைப் பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டு, பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கிட்டு அலையறீங்க. கேட்டா பாய் நல்லவரு, திருப்பி எடுப்பாருங்கறீங்க. எதுக்கு ஐயா திருப்பணும்? மழை இங்கதான பெய்யுது?"

"ஞாயித்துக்கிழமை செழியன் வர்றானுங்க," என்றார் மாசிலாமணி. அவர் குரல் மழையில் சரியாகக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னார். "கூட்டிட்டுப் போயிட்டான்னா இதை அங்க எங்கீங்க போட்டுட்டு நடக்கிறது? மாடிப் படியிலயா? ஆயுசுக்கும் வர்ற சாமானுங்க. இங்க இருப்பனா, போயிருவனான்னே தெரியாம இதை எப்படிங்க வெச்சுக்கறது?"

இத்தனை நாளில் அவர் நேராகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

உலகம்மை படியின் விளிம்பு வரை வந்தார்.

"மாசிலாமணி ஐயா," என்றார். "குடையை யாருக்குப் பிடிச்சிருக்கீங்க?"

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார். குடை முழுக்கப் பூட்ஸுக்கு மேல் இருந்தது. தேன் நிறத் தோலில் இப்போது ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அவர் தலையிலிருந்து தண்ணீர் மூக்கு வழியாக வழிந்துகொண்டிருந்தது. சற்று முன் உலகம்மை கட்டிய துணி அவிழ்ந்து, செம்மண் தண்ணீரில் நீளமாக மிதந்தது.

மாசிலாமணி குடையை மடக்கினார்.

பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். உலகம்மை மறுபடி வெந்நீர் கேட்டார். மறுபடி கழுவி, ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்து, மருந்து வைத்துக் கட்டினார். கட்டும்போது வாய் ஓயாமல் திட்டினார். மில்லைத் திட்டினார், பாயைத் திட்டினார், வாத்தைத் திட்டினார். மாசிலாமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கோமு உலர்ந்த கம்பளிக் காலுறை கொண்டுவந்து கொடுத்தாள்.

உள்ளே தெறித்திருந்த மழைத்துளிகளைத் துடைத்துவிட்டு, பூட்ஸை அவரே மாட்டிக்கொண்டார். கயிற்றை மேல் துளை வரைக்கும் இழுத்துக் கட்டினார். எழுந்து முற்றத்தில் இறங்கி, தண்ணீர் ஆழமாகத் தேங்கிய இடத்துக்குப் போய் நின்றார். இந்த முறை குடை அவர் தலைக்கு மேல் இருந்தது.

"என்ன ஐயா, உள்ள போச்சா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து கோமு கேட்டாள்.

"இல்லீங்க."

"நல்லா நின்னு பாருங்க. அப்புறம் ராத்திரி சந்தேகம் வந்து எங்களை எழுப்பாதீங்க."

மாசிலாமணி நின்று பார்த்தார். ஓடைப் பாதை வரை போய்த் திரும்பி வந்தார். படியில் உட்கார்ந்து, ஒன்றைக் கழற்றி, உள்ளே கையை விட்டுத் துழாவினார். கையை வெளியே எடுத்து விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. மேலே ரப்பர் முழுக்கச் சேறு. அதைத் துடைக்க அவர் துணி தேடவில்லை.

கூடத்தில் நின்றவர்கள் அவரவர் வேலைக்குப் போனார்கள். உலகம்மை கையைக் கழுவிக்கொண்டு உள்ளே திரும்பினார்.

"அம்மா," என்றார் மாசிலாமணி. "ஒண்ணு கேக்கட்டுங்களா?"

உலகம்மை கண்களை மூடிக்கொண்டார். "கேளுங்க."

"ஞாயித்துக்கிழமை செழியன் வந்தா என்னங்க சொல்றது?"

"இதுக்கும் என்னைத்தான் கேக்கணுமா?" என்றார் உலகம்மை. "சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க."