நாரையின் நடுநிலை

ஏரிக்கரைக் கோரைப்புல்லில் ஒரு தாழைக்கோழி முட்டையிட்டு அடைகாத்தது. உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கியது. ஓடு அப்பளம் மாதிரி மெலிந்து போயிருந்தது. போன வருஷமும் இதே கதிதான். இந்த முறை மிஞ்சியது ஒரே ஒரு முட்டை. அதன்மேல் உட்காரவும் பயம், விட்டு எழுந்திருக்கவும் பயம்.

காரணம் காட்டுக்கே தெரியும். மேட்டில் மனிதர்களின் தோல் பட்டறை இருந்தது. அதன் கழிவுத் தண்ணீர் ஓடை வழியாக ஏரியில் வந்து விழுந்தது. அந்த ஓடையில் மிதந்து வரும் சவ்வையும் கொழுப்பையும் தின்று நரி மட்டும் பளபளவென்று கொழுத்திருந்தது.

தாழைக்கோழி தன் ஆண் துணையைக் கூட்டில் உட்காரவைத்துவிட்டுச் சிங்கராஜாவிடம் போனது.

"ராஜா, யானைகிட்ட சொல்லி அந்த ஓடையில ஒரு பாறையைத் தள்ளிவிடச் சொல்லுங்க. தண்ணி வேற பக்கம் திரும்பிடும். எனக்கு இன்னும் ஒரு முட்டைதான் மிச்சம் இருக்கு."

நரி குறுக்கே பாய்ந்தது. "இவளுக்கு ஒழுங்கா உட்காரத் தெரியல, ராஜா! பழியைத் தண்ணி மேல போடுறா. முதல்ல ஆராய்ச்சி பண்ணுவோம். படிச்ச நாரையம்மா எதுக்கு இருக்காங்க?"

சிங்கத்துக்கு அது நியாயமாகப் பட்டது. படாதா பின்னே? அது குடிப்பது பட்டறைக்கும் மேலே இருக்கிற சுனைத் தண்ணீர்.

நாரை வந்தது. தங்க இடமும் தின்ன மீனும் நரியின் உபயம். தன் கூட்டை வந்து பார்க்கும்படி தாழைக்கோழி கெஞ்சியது. நாரை முடியாதென்று தலையை ஆட்டியது.

"நீ பாதிக்கப்பட்டவ. உன் பேச்சு நடுநிலையா இருக்காது. நான் வேற இடத்தோட ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்றேன்."

ஒப்பிட அது போன இடத்தைக் கேளுங்கள். ஏரிக்குக் கீழே இருந்த குட்டை! வழி காட்டியது நரி. அங்கேயும் கரையெல்லாம் முட்டைகள் உடைந்து கிடந்தன.

"ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரிதான் உடையுது. அதனால ஏரித் தண்ணி மேல குத்தமில்ல" என்று நாரை சபையில் சொன்னது.

தாழைக்கோழி முன்னால் வந்தது. "அம்மா, ஏரி நிரம்பி வழியிற தண்ணிதானே அந்தக் குட்டைக்குப் போகுது?"

"அதையெல்லாம் என்னைப் பார்க்கச் சொல்லல" என்றது நாரை.

சபை கலைந்தது. தாழைக்கோழி வீடு திரும்பியபோது ஆண் பறவை கூட்டைவிட்டு இறங்கி ஓரமாக நின்றிருந்தது. கடைசி முட்டையும் போய்விட்டது. சொல்கிற எனக்கே வயிறு எரிகிறது.

நல்ல பேர் வாங்கிய நாரை ஏரிக்கரை மரத்திலேயே கூடு கட்டிக்கொண்டது. ஏரி மீனைத் தின்று வாழ்ந்தது. அடுத்த பருவத்தில் முட்டையிட்டு ஆசையாக உட்கார்ந்தது. வயிற்றுக்கடியில் நொறுக்கென்று சத்தம் கேட்டது.

பதறியடித்துச் சிங்கத்திடம் பறந்தது. "ராஜா, விஷம் தண்ணியிலதான் இருக்கு! நான் சொன்னது தப்பு. உடனே அந்தப் பாறையைத் தள்ளச் சொல்லுங்க."

சிங்கம் நரியைப் பார்த்தது. நரி வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தது.

"நீங்க இப்ப பாதிக்கப்பட்டவங்க, நாரையம்மா. உங்க பேச்சு நடுநிலையா இருக்காது. புதுசா ஒரு ஆராய்ச்சி வேணும். நானே பண்றேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றது சிங்கம்.

நாரைக்குச் சாட்சி சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. தாழைக்கோழியைத் தேடிக் கோரைப்புல்லுக்குப் போனது. அங்கே கூடு மட்டும் இருந்தது. தாழைக்கோழி எப்போதோ ஏரியைவிட்டே போய்விட்டிருந்தது.

பாதிக்கப்பட்டவர் வாயை அடைத்துவிட்டு நடத்துகிற ஆராய்ச்சி, நஞ்சால் பிழைப்பவருக்குத்தான் காவல் நிற்கும்.