மூக்குத்தி தெரிந்த கேமரா

பழைய பிலிம் கேமராக்களை ஆன்லைனில் விற்பதில் தூத்துக்குடி அரங்கநாயகத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. விற்றதைத் திரும்ப வாங்கியதாக மட்டும் சரித்திரமே கிடையாது.

பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த ஜெபசெல்வி அவரிடம் ஒரு கேமரா வாங்கி மாட்டிக்கொண்டாள். ஷட்டர் ‘டிக்’ என்று சத்தம் போடும், திறக்காது. பிலிம் சுருள் முழுக்க ஒரு படம்கூட விழவில்லை. கேட்டதற்கு, “சர்வீஸ் பண்ணின கேமரா. கோளாறு உன் கையிலதான்” என்று பதில் வந்தது.

அவர் திருநெல்வேலியில் கண்காட்சி போட்ட அன்று, கூட்டம் சேர்ந்த நேரமாகப் பார்த்து அவள் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, ஷட்டர் திறக்குதான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. திறந்தா என் முகம் தெரியணும்லா?” என்று கேமராவின் பின்கதவைத் திறந்து அவர் கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

அரங்கநாயகம் கண்ணை வைத்துப் பொத்தானை அழுத்தினார். டிக். உள்ளே கும்மிருட்டு. வாங்க வந்தவர்கள் சுற்றி நிற்கும்போது விட்டுக்கொடுப்பாரா?

“பளிச்னு தெரியுதே” என்றார்.

எதிரே நின்றவர்கள் சிரித்தார்கள். அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்ததும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “மூக்குத்திகூட மின்னுது.”

ஜெபசெல்வி அவர் கையிலிருந்த கேமராவை மெதுவாகத் திருப்பிக் காட்டினாள். லென்ஸின் மேல் மூடி போட்டபடியே இருந்தது.

“மூடி போட்டும் மூக்குத்தி தெரியுதுன்னா இது சாதாரண கேமராவா அண்ணாச்சி? வச்சு ஆள எனக்குக் கொடுப்பினை இல்லை. நீங்களே வச்சுக்கிடுங்க.”

ரூபாய் கைக்கு வந்த பிறகுதான் அவள் அங்கிருந்து நகர்ந்தாள்.