களவுக்குக் கல்யாணம்

திருமேனி வாத்தியார் துணிமூட்டையோடு வந்து நின்றார். குருவைவிட அவருக்கு வயது அதிகம். ஆனாலும் சீடர் அவர்தான்.

"உத்தரவு கொடுங்கள் சாமி. மடத்தை விட்டுப் போகிறேன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சடையப்ப சாமி நிமிரவில்லை. "சோறு பிடிக்கவில்லையா?"

"நான் திருடன் சாமி."

"இருக்கிற ரெண்டு குண்டானும் அடுப்பில் இருக்கிறதே. எதை எடுத்தீர்?"

வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றுக் கீழூர்க் கோயிலில் பேசினார். சாமி சொல்லித் தந்ததைத்தான் பேசினார். கூட்டம் உருகிப்போயிற்று. "இவ்வளவும் உங்கள் சொந்த ஞானமா?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமாம்" என்று வாய் சொல்லிவிட்டது. பட்டுச் சால்வை போர்த்தினார்கள். வழியெல்லாம் தோள் கூசியது.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"நீர் தமிழ் வாத்தியாராச்சே. களவு என்றால் என்ன?" என்று கேட்டார் சாமி.

"பிறர் பொருளை எடுப்பது."

"பழைய நூல்களில் காதலுக்கும் அதே பேர்தானே? அங்கே யார் பொருளை யார் எடுத்தார்கள்?"

வாத்தியார் யோசித்தார். "எடுக்கவில்லை சாமி. ஊருக்குத் தெரியாமல் மறைத்தார்கள். அதனால் களவு."

"கல்யாணமான பிறகு?"

"கற்பு என்று பேர்."

"ஆள் மாறிவிட்டார்களா?"

"அதே ஆள்கள்தான். ஊருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்."

சாமி சிரித்தார். "அப்படியானால் உம்முடைய களவுக்கும் கல்யாணம் பண்ணிவிடலாம். கீழூருக்குப் போம். யார் கொடுத்தது என்று கூட்டத்தில் சொல்லும்."

வாத்தியார் முகம் வெளிறியது. "கைகொட்டிச் சிரிப்பார்கள்."

"கல்யாணமென்றால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள்."

வாத்தியார் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சாமியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். கண் நிறைந்திருந்தது.

"போகிறேன் சாமி. உங்கள் பேரைச் சொல்கிறேன். களவுக்கு இந்த அர்த்தத்தைத் தந்ததும் நீங்கள்தான் என்று சொல்கிறேன்."

"அது என்னுடையதில்லை ஐயா." சாமியின் கை கீரையிலேயே நின்றது. "முன்பு நம் மடத்து விளக்கைத் தூக்கிப்போனவன் ஒருவன், மறுநாள் அவனே கொண்டுவந்தான். 'எடுத்தது சுலபமா இருந்துச்சு சாமி, ஒளிச்சு வைக்கத்தான் முடியல' என்று அழுதான். சுடலையாண்டி என்று பேர். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவன் பேரையும் சேர்த்துச் சொல்லும்."