ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னவன்

"குருவே, ரெண்டு கார்டுல எது ஒசத்தி?"

தோள்ல கெடந்த பையை எறக்காமலே கேட்டான் சோலைராஜ்.

ஷமீலா நிமிர்ந்து பாக்கல. செத்துப்போன ஒரு போர்டுல ஈயம் பத்த வெச்சுக்கிட்டு இருந்தா. புகை அவ கண்ணாடில படிஞ்சு படிஞ்சு வெலகுச்சு.

"யாருக்குண்ணே?"

"பொதுவா கேக்குறேன்."

"பொதுவா யாரும் கேம் வெளாடுறதில்லயே. பேரு சொல்லுங்க."

சோலை பையோட பட்டையை இழுத்து விட்டுக்கிட்டான்.

*

குருன்னதும் தாடியைத் தேடாதீங்க. ஷமீலாவுக்கு இருபத்தி மூணு வயசு. சோலைக்கு இருபத்தி ஏழு. மதுரை டவுன் ஹால் ரோட்டுல ஒரு லாட்ஜுக்கு மேல, மூணாவது மாடி, ஒத்த ரூம். அதான் அவ கடை. கம்ப்யூட்டர்ல கேம் படத்தை ஓட்டுற கிராஃபிக்ஸ் கார்டை, மூச்சே இல்லாமத் தூக்கிட்டுப் போனாலும் உசுரு குடுத்து அனுப்புவா. அதனால எங்க பழைய கார்டு குரூப்புல எல்லாருக்கும் அவதான் குரு. அப்படிக் கூப்பிடாதீங்கன்னு சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டா.

சோலை அந்த குரூப்போட வாய்.

போன மாசம் அவன் ஒரு போஸ்ட் போட்டான். பழைய கார்டு ரெண்டு. ஒண்ணு பெருசு. ரெண்டு ஃபேன், எட்டு வருஷத்துக்கு முன்னாடி அதுதான் ராஜா. இன்னொண்ணு சின்னது. ஒத்த ஃபேன், பாதி விலை. ரெண்டையும் ஒரே கம்ப்யூட்டர்ல மாத்தி மாத்தி மாட்டி, ஒரே கேமை ஓட்டுனான். செகண்டுக்கு எத்தனை படம் வருதோ அதான் கணக்கு. படம் கூடக் கூட கேம் வழுக்கிட்டுப் போகும்.

பெருசு, இருபத்தி நாலு.

சின்னது, இருபத்தி நாலு.

"ரெண்டும் ஒண்ணுதான் மக்களே! பெருசைத் தேடி எவனும் அலையாதீங்க!"

கலர் கலரா கோடு போட்டு, போட்டோ எல்லாம் போட்டு... நானூறு லைக்கு! ஒருத்தன் மட்டும் கேட்டான், "ப்ரோ, பெருசு என் வீட்டுல எழுபது அடிக்குதே?"

"நான் கையால டெஸ்ட் பண்ணேன். நீ கனவுல பண்ணியா?"

குரூப்பே சிரிச்சுச்சு. நானும்தான். கேட்டவன் அன்னிக்கே குரூப்பை விட்டுப் போயிட்டான்.

டெஸ்டுக்குத் தன்னோட பெருசைக் குடுத்து ஒதவுனது ரெக்ஸ் அண்ணன். நாப்பத்தாறு வயசு. டவுன் பஸ் டிரைவர். நாள் முழுக்க பஸ் ஓட்டிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல லாரி ஓட்டுவாரு. கேட்டா, "இதுல ஏறுறவன் எவனும் சில்லறைக்குச் சண்டை போட மாட்டான்"னு சொல்லுவாரு. நம்பரெல்லாம் பாக்க மாட்டாரு. ஓட்டுவாரு, அவ்ளோதான்.

போஸ்டைப் படிச்சுட்டு அவரு சோலைகிட்ட சொன்னாரு, "ரெண்டும் ஒண்ணுதான்னா பெருசை நீங்களே வெச்சுக்கங்க தம்பி. சின்னதை எனக்குக் குடுங்க. சத்தம் கம்மி, கரண்டும் கம்மி. வீட்ல திட்டு விழாது."

சோலை சின்னதைக் குடுத்தான். பெருசை வெச்சுக்கிட்டான்.

*

"ரெக்ஸ் அண்ணனுக்குத்தானே கேக்குறீங்க?" ஷமீலாவே பேரைச் சொன்னா.

"ஆமா."

"என்ன சொல்றாரு?"

சோலை போனை எடுத்து, ரெக்ஸ் அண்ணன் அனுப்புன வாய்ஸைப் போட்டான்.

"தம்பி, வேலையா இருக்கீங்களா? ஒண்ணுமில்ல. கேம்ல லாரி இன்னிக்கும் லைட் கம்பத்துல போயி மோதி நின்னுருச்சு. வளைவு வருது, தெரியுது, ஒடிக்கிறேன். ஆனா லேட்டாத்தான் திரும்புது. கார்டு ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்க டெஸ்டே பண்ணிட்டீங்க. அப்ப லேட்டு என் கையிதானே? கண்ணு டாக்டரைப் பாத்தேன். ஒண்ணுமில்லங்கிறாரு. கேம்ல மோதுனா போகுது தம்பி. பஸ்ல அறுவது பேரு உக்காந்திருக்காய்ங்க. டிப்போல எழுதிக் குடுத்துட்டு, வண்டி ஓட்டாத லைட் டூட்டிக்குப் போயிரலாமான்னு பாக்குறேன். பத்தொம்பது வருஷம் ஸ்டியரிங் புடிச்சாச்சு. போதும்ல?"

கடைசில ஒரு சிரிப்பு. அது சிரிப்பே இல்ல.

"இதுக்கு என்ன பதில் போட்டீங்க?"

"ஃபேன்ல தூசி இருக்கும், தொடைங்கண்ணேன்னு போட்டேன்."

"எப்ப?"

"திங்கக்கெழம."

அன்னிக்கு வெள்ளிக்கெழம.

ஷமீலா கையில இருந்ததைக் கீழ வெச்சா.

"பெருசு பையிலயா இருக்கு?"

"ம்."

"எடுங்க."

*

மேசை மேல மூடி இல்லாத கம்ப்யூட்டர் ஒண்ணு நின்னுச்சு. பெருசை அதுல மாட்டுனா. ஸ்கிரீன்லேருந்து வர்ற வயர் தரையில கெடந்துச்சு. அதை எடுத்து சோலை கையில குடுத்தா.

"சொருகுங்கண்ணே."

தெரியாதவங்களுக்காக ஒரு விஷயம். கம்ப்யூட்டர் முதுகுல அந்த வயரைச் சொருக ரெண்டு எடம் இருக்கு. மேல இருக்குறது மதர்போர்டோடது. கீழ இருக்குறது கார்டோடது. மேல சொருகுனாலும் படம் வரும். ஆனா கார்டு சும்மா உக்காந்திருக்கும். போர்டுக்குள்ள இருக்குற சின்ன சிப்பு தனியா மூச்சு முட்ட இழுக்கும். புதுசா வர்றவய்ங்கதான் மேல சொருகுவாய்ங்க. எங்க குரூப்புல அப்படிச் சொருகி மாட்டிக்கிட்டவனை ஒரு வாரம் வெச்சு கேலி பண்ணி ஓட்டுவோம்.

ஓட்டுறதுல மொத ஆளு சோலை.

சோலை குனிஞ்சான். கை நேரா கீழ போச்சு. சொருகுச்சு.

ஷமீலா பட்டனைத் தொடவே இல்ல.

"எப்பலேருந்துண்ணே கீழ சொருகுறீங்க?"

குனிஞ்சவன் நிமிரல.

அவ போனை எடுத்துக் காட்டுனா. அவனோட போஸ்டு. மூணாவது போட்டோ. ஃபேன்ல நீலமும் செவப்புமா லைட்டு எரியுது. ஓரத்துல, கறுப்பா, வயரு. மேல போகுது.

நானூறு பேரு பாத்த போட்டோ. எல்லாரும் லைட்டைப் பாத்தோம்.

"நேத்துதான் நானே கவனிச்சேன். தெரியாம சொருகிட்டாரு, வரட்டும் சொல்லுவோம்னு இருந்தேன்." அவ குரல் ஒசரல. "ஆனா உங்க கைக்குத் தெரிஞ்சிருக்கே."

கீழ லாட்ஜு வாசல்ல எவனோ ஹாரனை விடாம அடிச்சான்.

"ஒம்போது நாளாச்சு," ன்னான் சோலை.

"எப்படி?"

"வீட்டுக்கு வெள்ளை அடிச்சாங்க. கம்ப்யூட்டரை நகத்தி வெச்சு, திருப்பி மாட்டுறப்ப கீழ சொருகிருக்கேன். கேமைப் போட்டேன். எழுபத்தொண்ணு ஷமீலா! எட்டு வருஷத்துக் கார்டுல எழுபத்தொண்ணு! சந்தோஷத்துல கத்திட்டேன். அம்மா அடுப்படிலேருந்து என்னடான்னு ஓடியாந்தாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லன்னேன்."

"அப்ப ரெக்ஸ் அண்ணன் பேசுனது?"

"அதுக்கப்புறம்."

"தூசி தொடைக்கச் சொன்னது?"

"அதுக்கும் அப்புறந்தான்."

அவன் காது ரெண்டும் செவந்து போயிருந்துச்சு. எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் கத்திப் பேசுறவன். இப்ப தரையில கெடந்த ஒரு ஸ்க்ரூவைக் கால் வெரலால தள்ளிக்கிட்டே இருந்தான்.

ஷமீலா வயரைப் புடுங்கி மேல சொருகுனா. கேமைப் போட்டா. ஸ்கிரீன் மூலையில நம்பர் வந்துச்சு.

இருபத்தி நாலு.

அணைச்சா. கார்டைக் கழட்டி அவன் கையில வெச்சா. மறுபடியும் போட்டா.

கார்டே இல்ல. கேம் ஓடுச்சு.

இருபத்தி நாலு.

"இப்ப கேளுங்கண்ணே, எது ஒசத்தின்னு."



*

சோலை கார்டை அவகிட்ட திருப்பி நீட்டுனான்.

"நைசா மாத்திக் குடுத்துர்றேன். சின்னதுல ஏதோ பழுது இருந்திருக்கு, எனக்கே இப்பதான் தெரிஞ்சுச்சுன்னு சொல்லிக்கிறேன். அவரு நம்பிருவாரு."

"நம்புவாரு," ன்னா ஷமீலா. "அதுல சந்தேகமே இல்ல."

அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலா அவ நாலு அடி அடிச்சிருக்கலாம்.

கார்டைக் காத்துக் குமிழி வெச்ச கவர்ல சுத்துனா. பையில வெச்சா. அப்புறம் அந்த வயரை எடுத்து, நாலா மடிச்சு, ரப்பர் பேண்டு போட்டு, கார்டுக்கு மேல வெச்சா.

"வயரு எதுக்கு? அவருகிட்டதான் இருக்கே."

அவ பழையபடி அந்தச் செத்த போர்டு பக்கம் திரும்பிட்டா.

"நாலு மணிக்கு அவரு வண்டி பெரியார் ஸ்டாண்டுல நிக்கும்ண்ணே. நடந்தா பத்து நிமிஷம்."

*

திருநகர் வண்டி. பாதி சீட்டு காலி. கண்டக்டர் கீழ நின்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரு. ரெக்ஸ் அண்ணன் ஸ்டியரிங் மேல கையை வெச்சு உக்காந்திருந்தாரு.

"அட, தம்பி! ஏறுங்க ஏறுங்க. திருநகருக்கா?"

"உங்களைத்தாண்ணே பாக்க வந்தேன்."

சோலை இஞ்சினுக்குப் பக்கத்துல நின்னு பையை நீட்டுனான்.

"உங்க கார்டுண்ணே. பெருசு. இதுதாண்ணே நல்லது. நீங்களே வெச்சுக்கங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்னீங்க?"

"இல்லண்ணே."

ரெக்ஸ் அண்ணன் பையைத் தொறந்தாரு. மேலயே இருந்துச்சு வயரு. ரப்பர் பேண்டோட எடுத்துப் பாத்தாரு.

"இது எதுக்கு தம்பி?"

சோலைக்கு அப்பதான் புரிஞ்சுச்சு, குரு அதை மேல வெச்சது ஏன்னு.

"இதை... நான் இதைத் தப்பான எடத்துல சொருகி டெஸ்ட் பண்ணிட்டேண்ணே. ரெண்டு கார்டுமே ஓடல. கார்டு இல்லாமதான் நம்பர் போட்டேன்."

"மேலயா சொருகுனீங்க?"

"மேலதாண்ணே."

ரெக்ஸ் அண்ணன் சிரிச்சாரு பாருங்க! முன் சீட்டுல இருந்த அம்மா திரும்பிப் பாத்துச்சு.

"எத்தன பேரை ஓட்டிருப்பீங்க தம்பி இதுக்கு! நீங்களா!"

"ஆமாண்ணே."

"அப்ப என் லாரி லேட்டாத் திரும்புனது..."

"சின்ன கார்டால. பெருசுல ஓட்டிப் பழகுன கை உங்களுது. கையில ஒண்ணுமில்லண்ணே. உங்க கை நல்லா இருக்கு."

சிரிப்பு நின்னுச்சு. ரெக்ஸ் அண்ணன் ஸ்டியரிங்லேருந்து வலது கையை எடுத்தாரு. உள்ளங்கையைத் திருப்பிப் பாத்தாரு. வெரலை மடக்கி மடக்கி விரிச்சாரு. வேற யாரோட கையையோ பாக்குற மாதிரி.

"நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்குண்ணே."

அவரு வெளிய பாத்துக்கிட்டு மூக்கை உறிஞ்சுனாரு. அப்புறம் சோலை தோள்ல தட்டுனாரு.

"விடுங்க தம்பி. இதுக்குப் போயி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு. தெரியாம நடந்ததுதானே."

அத்தோட முடிஞ்சிருக்கும். சோலை எறங்கி வந்திருக்கலாம். தெரிஞ்சவ ஒருத்திதான், அவளும் வாயைத் தொறக்க மாட்டா.

அவன் எறங்கல.

"இல்லண்ணே. தெரிஞ்சு ஒம்போது நாளாச்சு."

தோள்ல இருந்த கை அப்படியே நின்னுச்சு.

"தூசி தொடைங்கன்னு சொன்னீங்களே."

"அப்பவே தெரியும்."

கை தோளை விட்டு மெதுவா போயிருச்சு. ரெக்ஸ் அண்ணன் அவனைப் பாக்கல. வயரைப் பையில வெச்சாரு. பையைச் சீட்டுக்கடியில தள்ளுனாரு. ரோட்டைப் பாத்தாரு.

"நேத்துதான் தம்பி லைட் டூட்டி கேட்டு டிப்போல லெட்டர் குடுத்தேன்."

கண்டக்டர் ஏறி விசில் அடிச்சாரு.

ரெக்ஸ் அண்ணன் கியரைப் போட்டாரு. நெருக்கி நின்ன ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல, ஒரு சாண் எடத்துல, அந்தப் பெரிய வண்டி ஒரு குலுக்கல் இல்லாம ஒடிஞ்சு திரும்புச்சு.

சோலை கம்பியைக்கூடப் புடிக்கல. புடிக்கிறதுக்குத் தேவையே வரல.